ஏழாம் தொட்டியின் ருசி

ஆலையில் அவளுக்குத் துளியக்கா என்று பேர். பெற்றவர்கள் வைத்த பேர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது; கூப்பிட யாரும் அதை எடுப்பதில்லை. இருபத்தாறு வருஷமாக அந்தச் சோயா சாஸ் ஆலையின் சோதனை அறையில், நீளக் கண்ணாடிக் குழாயின் திருகைத் திருகித் திருகி, கீழே குடுவையில் நிறம் மாறப்போகிற அந்த ஒரு துளிக்காகக் கண் கொட்டாமல் உட்கார்ந்திருப்பவள். அதுபோக, மாதத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு தொட்டியிலிருந்தும் ஒரு துளி எடுத்து நாக்கில் வைத்துப் பார்ப்பதும் அவள் வேலைதான். குழாய் ஒன்று சொல்லி நாக்கு வேறு சொன்னால், அங்கே நாக்கைத்தான் நம்பினார்கள்.

கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. அப்பா அம்மா அடுத்தடுத்துப் போன பிறகு, தன்னைவிட ஏழு வயது சின்னவனான தம்பியோடு ஆலைக்குப் பின்தெருவில் இரண்டு அறை வீட்டில் இருந்தாள். அவனும் அதே ஆலையில்தான். அவள் சோதனை அறையில், அவன் தொட்டிக் கொட்டகையில். பதினொரு தொட்டிகள். ஒவ்வொன்றும் ஆள் உயரத்துக்கு மேல் ஆழம், இரண்டாயிரம் லிட்டர். வேகவைத்த சோயாவையும் வறுத்து உடைத்த கோதுமையையும் கலந்து, அதன்மேல் பூஞ்சை வளரவிட்டு, பச்சைத் தூள் படிந்ததும் உப்புக்கரைசலில் கொட்டி, பலகை போட்டு மூடிவிடுவார்கள். பிறகு ஒரு வருஷம். வாரத்துக்கு இரண்டு நாள் பலகையைத் தள்ளிவிட்டு, நீளக் கோலால் அந்தக் கூழைக் கிண்டவேண்டும். அதுதான் தம்பியின் வேலை.

அவனுக்குப் படிப்பு ஏறவில்லை. ஆனால் கேள்வி கேட்பதில் மட்டும் குறைச்சல் கிடையாது. சாப்பிடும்போது கேட்பான், துணி துவைக்கும்போது கேட்பான். "ஏன்க்கா, சோயாவைச் சும்மா மென்னா மண்ணு மாதிரி இருக்கு. தொட்டியில கெடந்தா மட்டும் எப்படி இப்படி ஆகுது?"

"புரதம்னு ஒரு நீளச் சங்கிலிடா. சங்கிலியா இருக்கறவரைக்கும் நாக்குக்கு ஒண்ணும் தெரியாது. பூஞ்சை விடற நொதி அதைக் கத்தரிச்சுக் கத்தரிச்சுப் போடும். துண்டு துண்டா ஆனப்புறம்தான் ருசி."

"அப்போ, உடைஞ்சாத்தான் ருசியா?"

"உடைஞ்சாத்தான்."

இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு எதிலும் சேராமல் நாக்கின் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும் அந்த ருசியைப் புத்தகங்கள் உமாமி என்கின்றன. ஆலையில் அடிருசி என்பார்கள். குளுட்டமிக் அமிலம் என்ற ஒரு சின்னத் துண்டுதான் அதற்குக் காரணம். நாக்கில் பட்டுப் போன பிறகும் போகாது. எச்சில் நிற்காமல் ஊறிக்கொண்டே இருக்கும்.

போன வருஷம் பதினொரு தொட்டிகளையும் ஒரே வாரத்தில் நிரப்பி இரண்டாவது மாதம் ஆரம்பிக்கும்போதுதான் அந்தச் சண்டை. மதியச் சாப்பாட்டு வேளை. எல்லாரும் கொட்டகை வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். தம்பி வந்து நின்றான்.

"அக்கா, ஏழாம் தொட்டியை மட்டும் இன்னைக்கே சோதிச்சுப் பாரேன். நான் அதுல ஒரு விஷயம் பண்ணியிருக்கேன்."

"என்னடா பண்ணினே?"

"மொதல்ல பாரு. அப்புறம் சொல்றேன்."

அன்று காலையிலிருந்து அவளுக்குத் தலைவலி. முதல் தொட்டியின் கணக்கு இரண்டு தடவை தப்பிப்போயிருந்தது. வாய்க்கு வந்ததைச் சொன்னாள். "கோலைப் புடிச்சுக் கிண்டறவனுக்கு எதுக்குடா இந்த வேலையெல்லாம்? நீ இருந்தாலும் இல்லாட்டாலும் அந்தத் தொட்டிக்கு ஒண்ணுதான். அது பாட்டுக்கு அது ஊறும்."

சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தமாதிரிதான் இருந்தது. கோலை எடுத்துக்கொண்டு உள்ளே போனான்.

அதற்குப் பிறகு அவனை யாரும் பார்க்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து சேரவில்லை. கைபேசி வீட்டு அலமாரியிலேயே கிடந்தது. சட்டை துணிமணி அப்படியே இருந்தது. ரோஷக்காரன், இரண்டு நாளில் வந்துவிடுவான் என்றார்கள். இரண்டு வாரம் ஆனது. காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தாள். தெரிந்தவர், தெரியாதவர், ஆஸ்பத்திரி, பஸ் நிலையம் என்று அலையாத இடமில்லை. கொட்டகைக் காவலாளியைக் கேட்டால், "உள்ள போனதைப் பார்த்தேன்மா. வெளிய வந்ததைப் பார்த்த ஞாபகம் இல்ல. நான் எந்நேரமும் வாசலையேவா பார்த்துக்கிட்டு இருக்கேன்?" என்றார். அப்போது அந்தப் பேச்சை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மூன்று வாரம் தொட்டிகளைக் கிண்ட ஆள் இல்லை. பிறகு நெட்டை என்று ஒருவன் வேலைக்கு வந்தான். நல்ல உயரம், நல்ல மனசு, கொஞ்சம் பயந்த சுபாவம். அவன் கோலைத் தொடவில்லை. குழாய் வழியாகக் காற்றை விட்டே கூழைப் புரட்டினான். காற்று நடுவில்தான் புரட்டும். அடிமூலையெல்லாம் அப்படியே கிடக்கும்.

மூன்றாவது மாதம் ஏழாம் தொட்டியின் கணக்கு மற்றவற்றைவிடக் கொஞ்சம் கூடியிருந்தது. நாலாவது மாதம் இன்னும் கூடியது. அமினோ அமிலங்கள் எவ்வளவு விடுபட்டிருக்கின்றன என்று காட்டும் கணக்கு அது. நாக்கிலும் அதேதான். மற்றத் தொட்டிகள் உப்பும் காரமுமாக முரண்டு பிடித்துக்கொண்டிருக்க, ஏழு மட்டும் வழவழவென்று இறங்கியது. ஆறாவது மாதம் அந்தத் துளியை நாக்கில் வைத்தவள், அப்படியே சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். இருபத்தாறு வருஷத்தில் அப்படி ஒன்றை அவள் ருசித்ததில்லை. பத்து நிமிஷம் கழித்தும் வாயில் எச்சில் ஊறிக்கொண்டிருந்தது. மாதம் ஒரு தடவை போதும் என்ற வேலையை அவள் வாரம் ஒரு தடவை செய்யத் தொடங்கினாள். பிறகு தினமும். யாருக்கும் சொல்லவில்லை. வீட்டில் தனியாக உட்கார்ந்து சாப்பிடப் பிடிக்காத நாட்களில், அந்த ஒரு கரண்டிதான் அவளுக்கு ஆறுதலாக இருந்தது.

ஒன்பதாம் மாதம் முதலாளியம்மா வந்தார். எண்பது கிலோ உடம்பைத் தூக்கிக்கொண்டு ஏணியில் ஏறி, ஏழாம் தொட்டியில் ஒரு கரண்டி எடுத்து வாயில் விட்டார். இன்னொரு கரண்டி எடுத்தார்.

"துளி, இதுல என்ன போட்டீங்க?"

"மத்ததுல போட்டதுதாம்மா. ஒரே சோயா, ஒரே கோதுமை, ஒரே உப்பு."

"இல்ல. இதுல என்னமோ இருக்கு. ஒரு உசிரு இருக்கற மாதிரி இருக்கு." உதட்டை நக்கிக்கொண்டார். "வருஷம் முடியறவரைக்கும் காத்திருக்க வேண்டாம். வர்ற திங்கக்கிழமை இதை மட்டும் தனியா பிழிஞ்சிடலாம். தனிப் புட்டி, தனிப் பேரு."

முதலாளியம்மா போன பிறகு துளியக்கா பழைய நோட்டைப் புரட்டினாள். மாதவாரியாகப் பதினொரு தொட்டிகளின் எண்கள். விரலை வைத்துக்கொண்டே போனாள். பத்துத் தொட்டிகளும் தோளோடு தோள் உரசிக்கொண்டு ஏறின. ஏழு மட்டும் பிரிந்து போயிருந்தது. எந்த மாதத்தில் பிரிந்தது என்று பார்த்தாள். தம்பி காணாமல் போனதற்கு அடுத்த மாதம்.

காவலாளியின் பேச்சு அப்போதுதான் அவள் காதில் விழுந்தது. உள்ள போனதைப் பார்த்தேன்மா.

கழிப்பறைக்கு ஓடினாள். ஆனால் வாந்தி வரவில்லை. வாய் கொப்புளித்துக் கண்ணாடியைப் பார்த்தாள். நாக்கின் அடியில் அந்த ருசி இன்னும் இருந்தது.

படித்தவள் ஆயிற்றே. பயத்தை ஒருபக்கம் வைத்துவிட்டு யோசிக்கப் பார்த்தாள். யோசிக்க யோசிக்கத்தான் பயம் கூடியது. பூஞ்சையின் நொதிக்குப் புரதம் என்றால் புரதம்தான். சோயாவா கோதுமையா என்று அது கேட்காது. தொட்டியில் எது விழுந்தாலும் அதே கத்தரி, அதே வெட்டு. வெட்டி விழுகிற குளுட்டமிக் அமிலத்தில், நான் இன்னாரிடமிருந்து வந்தேன் என்ற அடையாளம் எதுவும் இருக்காது. எந்தக் கருவியாலும் அதைப் பிரித்துச் சொல்ல முடியாது. நாக்கால் முடியவே முடியாது.

ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டாள். அவன் எடை அறுபது கிலோ. அதில் புரதம் பத்துக் கிலோவுக்குக் கிட்ட. பத்துக் கிலோ புரதத்தில் ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே நைட்ரஜன். இரண்டாயிரம் லிட்டர் தொட்டியில் ஏற்கெனவே இருப்பது முப்பது கிலோ. ஆக, இருபதில் ஒரு பங்கு கூடும். எழுதி முடித்த பிறகுதான், தான் என்ன எழுதியிருக்கிறோம் என்று பார்த்தாள். தாளைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டாள். குப்பைக் கூடையில் போடக்கூடப் பயமாக இருந்தது.

மறுநாள் காலையில், நெட்டை வருவதற்கு முன்னால், கொட்டகைக்குள் போனாள். மேலே தகரக் கூரையின் ஓட்டைகள் வழியாக வெயில் குச்சி குச்சியாக இறங்கிக்கொண்டிருந்தது. பலகைகளுக்குக் கீழே பதினொரு தொட்டிகளிலும் குமிழ்கள் மெல்ல வந்து உடைந்துகொண்டிருந்தன. வருஷக்கணக்கில் கேட்டுப் பழகிய சத்தம்தான். அன்றைக்கு அது, அடுத்த அறையில் யாரோ சாப்பிடுகிற மாதிரி கேட்டது.

ஏணியில் ஏறி ஏழாம் தொட்டியின் பலகையைத் தள்ளினாள். தம்பியின் கோல் அது பாட்டுக்குச் சுவரோரம் சாய்ந்திருந்தது. எடுத்துக் கூழுக்குள் விட்டாள். கை போகும் மட்டும் விட்டாள். அடியைத் தொட்டது. மெதுவாக ஓரத்தைப் பார்த்து நகர்த்தினாள்.

கோல் எதிலோ முட்டியது.

இன்னொரு தடவை அழுத்தினாள். அது கொஞ்சம் உருண்டது. உருண்டு, திரும்பப் பழைய இடத்துக்கே வந்து கோலின் மேல் சாய்ந்துகொண்டது. கோலை இழுத்தபோது அதன் நுனியில் ஒரு கயிற்றுத் துண்டு சிக்கியிருந்தது.

ஏணியிலிருந்து எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. சத்தம் போட்டிருக்கலாம். முதலாளியம்மாவைக் கூப்பிட்டிருக்கலாம். அவள் அதைச் செய்யவில்லை. உண்மையைச் சொன்னால், அது அவனாக இருந்தால் அதை முதலில் தெரிந்துகொள்கிற ஆள் தான் ஒருத்தியாக மட்டும் இருக்கவேண்டும் என்று நினைத்தாள். ஆறு மாதமாக வாயில் விட்டுக்கொண்டவள் அவள்தானே.

சோதனை அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே மொத்தம் எவ்வளவு புரதம் சேர்ந்திருக்கிறது என்று காட்டும் நைட்ரஜன் சோதனையைப் பிழிவதற்கு முன்னால் ஒரே ஒரு தடவைதான் செய்வார்கள். அரை நாள் வேலை. ஏழாம் தொட்டியில் ஒரு மாதிரி, எட்டாம் தொட்டியில் ஒரு மாதிரி எடுத்து, இரண்டு குடுவைகளில் விட்டு, அடர்ந்த கந்தக அமிலத்தை ஊற்றி அடுப்பில் வைத்தாள். இரண்டும் கறுத்தன. நுரைத்துக் கழுத்துவரை ஏறின. அதற்குள் எது இருந்தாலும், சோயாவோ கோதுமையோ வேறு யாரோ, எல்லாம் கரைந்து கடைசியில் நைட்ரஜன் மட்டும் மிஞ்சும். குடுவைகளுக்கு முன்னால் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். கறுப்பு பழுப்பானது. பழுப்பு மஞ்சளானது. மதியச் சாப்பாட்டு மணி அடித்தது. நெட்டை கதவைத் தட்டினான்.

"அக்கா, சாப்பிட வரலியா?"

"நீ போ."

"உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"போடான்னா போயேன்!"

இரண்டு குடுவைகளும் தண்ணீரைப் போலத் தெளிந்த பிறகு வடித்தாள். எட்டாம் தொட்டியை முதலில் பார்த்தாள். நூற்றுக்கு ஒன்று புள்ளி ஐந்து. அவன் உள்ளே இருந்தால் ஏழு ஒன்று புள்ளி ஆறை நெருங்கவேண்டும். அப்புறம் ஏழு. திருகைத் திறந்தாள். துளி விழுந்தது. ஒன்று புள்ளி நாலைத் தாண்டியது. ஒன்று புள்ளி நாலு ஐந்து. நிறம் மாறவில்லை. ஒன்று புள்ளி ஐந்தில் நிறம் மாறியது.

எட்டுக்கும் ஏழுக்கும் துளி வித்தியாசம் இல்லை.

வெளியிலிருந்து எதுவும் வந்து சேரவில்லை. அவன் அங்கே இல்லை. அவள் முக்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். எட்டு மாதத்தில் அவள் அப்படி அழுதது அதுதான் முதல் தடவை.

அழுது முடித்ததும் அடுத்த கேள்வி வந்தது. அப்படியானால் அடிருசி மட்டும் எப்படிக் கூடியது? மொத்தம் அதே மொத்தம். உள்ளே இருப்பது உள்ளேயே வேறு மாதிரி பிரிந்திருக்கிறது. விடை அவளுக்குத் தெரிந்ததுதான். புரதம் உடையும்போது குளுட்டமின் என்றொரு துண்டு விழும். அதற்கு ருசி கிடையாது. பூஞ்சையின் இன்னொரு நொதி அதைத் தொட்டால்தான் அது குளுட்டமிக் அமிலமாகும். அந்த நொதி நோஞ்சான். உப்பும் சூடும் சேர்ந்தால் சீக்கிரம் செத்துவிடும். அது செத்துவிட்டால் மிச்சமிருக்கிற குளுட்டமின் தானே சுருண்டு, வாலையும் தலையையும் சேர்த்துக்கொண்டு, ருசியில்லாத வளையமாகிவிடும். முதல் மாதம் முழுக்கத் தொட்டியைக் குளிரவைத்தால் அந்த நொதி தாக்குப்பிடிக்கும். பெரிய ஆலைகளில் குளிர்குழாய் போட்டிருக்கிறார்கள். ஒருநாள் சாப்பிடும்போது இதையெல்லாம் அவள்தான் தம்பிக்குச் சொல்லியிருந்தாள். சொன்னதை அவள் மறந்துவிட்டாள். அவன் மறக்கவில்லை.

நெட்டையைக் கூப்பிட்டுக் கொக்கி கட்டிய கழியை எடுத்துவரச் சொன்னாள். "உள்ள என்னக்கா இருக்கு?" என்று கேட்டவனுக்கு முகம் வெளுத்திருந்தது. அரை மணி நேரம் துழாவினார்கள். கூழ் சொட்டச் சொட்ட மேலே வந்தது ஒரு எவர்சில்வர் பால் கேன். மூடி இறுக்கித் திருகியிருந்தது. கூழில் மிதக்காமல் இருக்க இடுப்பில் ஒரு கல் கட்டியிருந்தது. மேலே தூக்குவதற்காகக் கேனில் கட்டியிருந்த கயிறு பாதியில் அறுந்திருந்தது. அதே மாதிரி இன்னும் மூன்று வந்தன. திறந்தால், உள்ளே வெறும் தண்ணீர். ஒருகாலத்தில் ஐஸாக இருந்த தண்ணீர்.

ஆலைக்கு மூன்று கட்டடம் தள்ளி ஐஸ் கம்பெனி. அவள் தினமும் அதைத் தாண்டித்தான் போய் வருவாள். அங்கே மட்டும் கேட்டிருக்கவில்லை. கேட்கவேண்டும் என்று தோன்றவே இல்லை. ஐஸ்காரர் சாக்கால் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"உங்க தம்பியா? ஒரு மாசம் தினமும் விடிஞ்சதும் விடியாததுமா வந்து ஐஸை உடைச்சு கேன்ல ரொப்பிக்கிட்டுப் போவாரு. கடைசியா ஒருநாள் மத்தியானம் வந்தாரு. ஆத்துக்கு அந்தப் பக்கம் சின்னதா ஒரு சாஸ் ஆலை ஆரம்பிச்சிருக்காங்க, அங்க போறேன்னாரு. யார் கேட்டாலும் சொல்லாதேன்னாரு."

"யார் கேட்டாலுமா?"

"அக்கா வந்து கேட்டா மட்டும் சொல்லச் சொன்னாரு." அவர் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டார். "நீங்க வரவே இல்லியேம்மா."

அன்று சாயங்காலமே போனாள். பாலத்தைத் தாண்டி முக்கால் மணி நேர பஸ் பயணம். புதுச் சுண்ணாம்பு அடித்த கொட்டகை, நாலே நாலு தொட்டிகள். அவன் ஒரு பலகைமேல் நின்று கிண்டிக்கொண்டிருந்தான். இளைத்திருந்தான். தாடி வைத்திருந்தான். வாசலில் நிழல் விழுந்ததும் திரும்பினான்.

ஓடிப்போய் அவனை இரண்டு அறை அறையவேண்டும், கட்டிக்கொண்டு அழவேண்டும் என்று வழிநெடுக நினைத்துக்கொண்டு வந்தவள், நின்ற இடத்திலேயே நின்றாள். அவன் முகத்தைப் பார்த்த அந்த நொடியில் அவள் வாய் ஊறியது. நாக்கின் அடியிலிருந்து குபுகுபுவென்று எச்சில் சுரந்தது. விழுங்கினாள். மறுபடியும் ஊறியது. எவ்வளவு விழுங்கியும் நிற்கவில்லை.

"ஏழு எப்படி இருக்கு?" என்றான் அவன். அதுதான் முதல் பேச்சு.

"நல்லா இருக்கு," என்றாள். கையால் வாயை மூடியிருந்தாள்.

"சொன்னேன்ல."

"சொன்னே."

கோலை வைத்துவிட்டு இறங்கி வந்தான். "கோபம் தீர்ந்ததும் வந்துடலாம்னுதான் இருந்தேன். நீ வருவேன்னு பார்த்தேன். நாள் ஓடிப்போச்சு." அவள் முகத்தை உற்றுப் பார்த்தான். "என்னைத் தேடவே இல்லியாக்கா?"

"தேடினேன்டா."

"எங்க தேடினே?"

அவள் புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். அவன் உள்ளே போய்க் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தான். அவள் அதை வாங்கி ஒரே மூச்சில் குடித்தாள்.

திங்கட்கிழமை ஏழாம் தொட்டியைப் பிழிந்தார்கள். தனிப் புட்டியில் போட்டது அந்த மாதமே தீர்ந்துவிட்டது. முதலாளியம்மா பதினொரு தொட்டிக்கும் குளிர்குழாய் போட்டார். யோசனை யாருடையது என்று துளியக்கா எல்லார் முன்னாலும் சொன்னாள். சிரித்தவர்கள் எல்லாரும் கேட்கிற மாதிரி சத்தமாகவே சொன்னாள். தம்பியைத் திரும்பக் கூப்பிட்டார்கள். அவன் வரவில்லை. அங்கே அவனைத் தொட்டிக்காரர் என்று மரியாதையாகக் கூப்பிடுகிறார்கள் என்றான்.

துளியக்கா இன்னும் குழாய்க்கு முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறாள். ருசி பார்க்கிற வேலையை மட்டும் நெட்டைக்குக் கொடுத்துவிட்டாள். நாக்கு முன்னைப் போல இல்லை, மரத்துவிட்டது என்று சொல்லிக்கொண்டாள். எல்லாரும் நம்பினார்கள்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டுக்கு வருகிறான். சமைத்து வைத்துப் பரிமாறுவாள். அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை சமையலறை ஜன்னலோரம் தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

"ஏன்க்கா, என்கூட உக்காந்து சாப்பிடவே மாட்டேங்கறே? இன்னும் கோபமா?" என்று போன தடவை கேட்டான்.

"கோபமெல்லாம் இல்லடா. எனக்குப் பசிக்கல. நீ சாப்பிடு," என்றாள், ஊறிய எச்சிலை விழுங்கிவிட்டு, திரும்பாமல்.